என் பார்ட்னரின் புது பார்ட்னர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், திருவொற்றியூரில் பாபு வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டு, நான் ஜெர்மனியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

சங்கரா மீன் குழம்பு சாப்பிட்ட வாசனை கையை விட்டு இன்னும் போகவில்லை. அந்தக் கையோடுதான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன். மேஜை விளிம்பில் மாட்டுகிற பிளாஸ்டிக் ஸ்டியரிங். கம்ப்யூட்டரோடு சேர்த்து யாரிடமோ பாபு பழசாக வாங்கியது. காலுக்குக் கீழே பிரேக்கும் ஆக்சிலேட்டரும். மிதித்தால் டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடும் என்பதால் அடியில் ஒரு ஈரச் சாக்கு போட்டிருந்தார்கள்.

அந்த ஊர்ப் பெயர் வாயில் நுழையவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. ரோடு என்றால் அப்படி ஒரு ரோடு. பள்ளம் இல்லை, மாடு இல்லை, எதிர்த்திசையில் பைக் ஓட்டிவரும் மகராசன் இல்லை. லாரிக்காரர்கள் குளிக்க இங்கே, தூங்க இங்கே என்று வழியெல்லாம் பலகை வைத்திருக்கிறான். எனக்கு அங்கேயே வயிற்றெரிச்சல் ஆரம்பித்துவிட்டது. பொம்மை டிரைவருக்குக் குளியலறை கட்டித் தருகிறார்கள். நான் இத்தனை வருஷமாக டிரெய்லர் ஓட்டுகிறேன், எனக்குக் கடற்கரைப் பாறாங்கல்தான்.

கொஞ்ச தூரத்தில் இரண்டு லாரிகள் ஓரமாக ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. நான் அவற்றின் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் போட்டேன். இன்ஜினை ஆஃப் செய்தேன். சாய்ந்து உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன்.

பக்கத்தில் பாபு பல் குத்திக்கொண்டிருந்தான். அவனும் தன் போனை எடுத்தான்.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தோமோ தெரியாது. பாபுவின் மனைவி ஷீலா பாத்திரம் கழுவிவிட்டு, கையைத் துண்டில் துடைத்தபடி வந்து திரையைப் பார்த்தாள்.

"என்னண்ணே, வண்டி ஏன் நிக்குது?"

"லைன்ல கீறேம்மா. முன்னால ரெண்டு வண்டி நிக்குது பாரு."

அவள் ஒருமுறை திரையைப் பார்த்தாள், ஒருமுறை என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, அது லைன் இல்ல. அவங்க ரெஸ்ட் எடுக்க ஓரம் கட்டியிருக்காங்க. நீங்க பாட்டுக்குப் போலாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்து பாபு சிரித்தான். "இன்னா மாமு, ஜெர்மனிலயும் லைன் போட்டுட்டியே!" என்று என் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான். அவனும்தானே பக்கத்தில் உட்கார்ந்து லைன் நகரும் என்று காத்துக்கொண்டிருந்தான்? அவள் சிரித்ததும் அந்தப் பக்கம் தாவிவிட்டான், துரோகி.

பிறகு ஷீலா ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டாள். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத பெண். போய்ச் சேர்ந்து, அவ்வளவு நீளமான டிரெய்லரை ரிவர்ஸில் எடுத்து, குடோன் வாசலில் ஒரே வெட்டில் சொருகினாள். பாபு கை தட்டினான். நான் டீ வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் வற்புறுத்தவில்லை, எனக்கும் சேர்த்துத்தான் கொதித்தது.

லைன் என்றால்

இந்த வாரம்தான் முதன்முதலாக இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் பாபுவும் மாதவரத்தில் ஒரே முதலாளியிடம் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறோம். ஹார்பர் கேட்டுக்குள் போக எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வண்டிகள் வரிசையாக நிற்கும். அதுதான் லைன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வீடுகள், நடுவில் நாங்கள். முன்னால் ஒரு லாரி நின்றால் ஏன் நிற்கிறது என்று எங்களில் எவனும் கேட்க மாட்டான். பின்னால் போய் நின்றுவிடுவான். அது கை கால்களிலேயே ஊறிவிட்ட பழக்கம்.

போன வாரம் என் முதல் வண்டியைப் பற்றி எழுதியதைப் படித்த ஒரு வாசகர், "அவ்வளவு நேரம் நிற்கிறீர்களே, பொழுது எப்படிப் போகும்?" என்று கேட்டிருந்தார். கேம் ஆடுவோம் அய்யா. வேறென்ன செய்வோம்?

எனக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. இந்த வயதில் வீடியோ கேமா என்று முகத்தைச் சுளிக்கிறவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம், சமையல் குறிப்பு இருக்கும். நான் ஆடாத கேம் கிடையாது. எல்லாவற்றைப் பற்றியும் எனக்கு அபிப்பிராயம் உண்டு. அபிப்பிராயத்தில் பாதி பொறாமைதான், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஒரே டோக்கன், ரெண்டு பேர்

பாபு எனக்குக் கிடைத்ததே ஒரு கேம் கடையில்தான்.

ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் ஒரு கடை இருந்தது. வாசலில் திரைச்சீலை. உள்ளே ஊதுபத்தி வாசனையும் வியர்வை வாசனையும் சூடேறின ஒயர் வாசனையும் கலந்து அடிக்கும். டோக்கன் போட்டு ஆடுகிற சண்டை கேம். அப்போது எனக்கு மீசை அரும்பவில்லை. என்னிடம் டோக்கன் இல்லை. பக்கத்தில் நின்ற ஒருவனிடமும் இல்லை. கீழே ஒன்று உருண்டு வந்தது, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மிதித்தோம்.

"என் காலு" என்றான் அவன்.

"என் காலுக்கு மேலதான் உன் காலு கீது" என்றேன் நான்.

சண்டை வேண்டாம் என்று ஒரு முடிவுக்கு வந்தோம். அவன் ஸ்டிக்கைப் பிடித்தான். நான் பட்டன்களை அமுக்கினேன். ஒரு ஆள் ஆடுகிற ஆட்டத்தை இரண்டு பேர் ஆடினோம். அவன் நகர்த்துவான், நான் அடிப்பேன். எங்கே நகர்த்தப் போகிறான் என்று அவன் தோள்பட்டையைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும். அப்புறம் இருவர் கையிலும் டோக்கன் இருந்த நாளிலும் அப்படியேதான் ஆடினோம். கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

சண்டை கேமைப் பற்றி என் அபிப்பிராயம்: அதைவிட நல்ல கேம் இன்றுவரை வரவில்லை. தோற்றவன் மூஞ்சியை அங்கேயே பக்கத்திலேயே பார்க்கலாம். பனைமரத்தொட்டி ஏரியாவிலிருந்து ஒருவன் வருவான், கேமில் இருக்கிற ஆளின் கையிலிருந்து நெருப்பு வரவைக்கிற வித்தை அவனுக்கு மட்டும் தெரியும். எவ்வளவோ கெஞ்சினோம், சொல்லித் தரவில்லை. அவன்மேல் எனக்கு இன்றைக்கும் பொறாமை போகவில்லை. நன்றாக இருக்கட்டும், எங்கே இருந்தாலும்.

கோல் போடுகிறவன்

அடுத்து வந்தவை, மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு ஆட விடுகிற கடைகள். தண்டையார்பேட்டையில் ஒரு மாடியில் நாலு டிவி வைத்திருந்தார்கள். அங்கே ஃபுட்பால் கேம்.

வியாசர்பாடியிலிருந்து நிஜமாகவே ஃபுட்பால் ஆடுகிற பையன்கள் வருவார்கள். முட்டியெல்லாம் சிராய்ப்பு. "கால்ல ஆடறத இன்னாத்துக்கு கைல ஆடிகினு கீறீங்கோ?" என்று எங்களைக் கிண்டல் செய்வார்கள். சரி, கையிலாவது ஜெயிப்போம் என்று பார்த்தால் அதிலும் அவர்களே ஜெயிப்பார்கள். ஒருவனுக்குக் காலும் வந்து கையும் வந்தால் மற்றவன் எங்கே போவான், சொல்லுங்கள்.

ஃபுட்பால் கேம் நல்ல கேம்தான். ஆனால் அதில் பேசுகிற வெள்ளைக்காரக் குரல், கோல் போட்டவன் பெயரைத்தான் கத்தும். பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவனைப் பற்றி மூச்சு விடாது. கோல் போடுகிறவன் எப்போதும் பாபு. கொடுக்கிறவன் நான். அது அப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவன் திரும்பிப் பார்க்காமலே ஓடுவான், பந்து வரும் என்று தெரியும். நான் கொடுப்பேன் என்பதில் அவனுக்கு ஒரு துளி சந்தேகமும் கிடையாது. அந்த நம்பிக்கையே எனக்குப் போதுமானதாக இருந்தது.

குதிக்கிற கேம்

பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது. ஏரோப்ளேனிலிருந்து பாராசூட்டில் குதித்து, துப்பாக்கி பொறுக்கி, கடைசிவரை உயிரோடு இருக்கிறவன் ஜெயிக்கிற கேம் வந்தது. நடுவில் அதற்குத் தடை போட்டார்கள், வேறு பெயரில் திரும்பி வந்தது. எந்தப் பெயரில் வந்தால் என்ன, லைனில் நாங்கள் அதைக் குதிக்கிற கேம் என்றுதான் சொல்வோம்.

லைனில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. பாபு வண்டி முன்னால், என் வண்டி பின்னால். முதலாளி இரண்டையும் ஜோடியாகத்தான் அனுப்புவார். ஒருவன் கேமில் மாட்டிக்கொண்டிருக்கும்போது லைன் நகர்ந்தால், மற்றவன் தன் வண்டியோடு அவன் வண்டியையும் நகர்த்திக் கொடுப்பான். சாவியை எல்லாரிடமும் கொடுக்க மாட்டோம். கண்ட கண்ட ஆள் கையில் வண்டியைக் கொடுத்தால் முன்னால் இருக்கிறவன் பம்பரில் போய் முத்தம் கொடுத்துவிடுவான், அப்புறம் முதலாளிக்கு யார் பதில் சொல்வது? பாபு சாவி எனக்கு, என் சாவி பாபுவுக்கு. அவ்வளவுதான்.

இருவரும் சேர்ந்து ஆடினால் அவன் முன்னால் ஓடுவான், நான் பின்னால் பார்ப்பேன். ரோட்டிலும் அப்படித்தான். நான் பின்னால் வருகிறேன் என்றால் அவன் கண்ணாடியைப் பார்க்கவே மாட்டான். ஹார்பர் பக்கத்து டிரைவர்கள் எங்களுக்கு வைத்த பெயரே 'ஜோடி வண்டி'.

சக்களத்தி

பாபுவுக்குக் கல்யாணம் கொஞ்சம் தாமதமாகத்தான் ஆனது. ஷீலாவின் அப்பா டோல்கேட் ஏரியாவில் பலசரக்கு மொத்த வியாபாரம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். சரக்கு இறக்கப் போன இடத்தில் பாபு அவளைப் பார்த்தான். கல்லாவில் உட்கார்ந்து, மேஜைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு, குதிக்கிற கேம் ஆடிக்கொண்டிருந்தாளாம். "மாமு, மூட்டைய எண்ணிகினே நாலு பேர சுட்டுட்டா மாமு" என்று கண் கலங்கச் சொன்னான். அன்றைக்கே எனக்கு உள்ளே ஏதோ கிள்ளியது.

இரண்டு வீட்டையும் சமாதானப்படுத்தி, சர்ச்சில் தாலி கட்டினான். மாப்பிள்ளைத் தோழன் நான்தான். பந்தியில் நின்று பிரியாணி பரிமாறியதும் நான்தான். அதையெல்லாம் இன்றைக்குக் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கல்யாணமான புதிதில் ஒருநாள் லைனில் நிற்கிறோம். பாபு போனை எடுத்தான், நானும் எடுத்தேன். "மாமு, நான் ஷீலாகூட உள்ள கீறேன். ரெண்டு பேர் ஆட்டம். வண்டிய கொஞ்சம் நவுத்தி வுடு" என்று சாவியைத் தூக்கிப் போட்டான்.

அவள் திருவொற்றியூரில் வீட்டில். இவன் லைனில். அவர்கள் இருவரும் சேர்ந்து எங்கேயோ ஒரு தீவில் குதித்து ஓடிக்கொண்டிருக்கிறார்கள். "ஏய் ஷீலு, அந்தாண்ட போவாத, நான் வர்றேன்" என்று இவன் கொஞ்சிக்கொண்டிருக்கிறான். நான் வேர்த்து விறுவிறுத்து, இரண்டு டிரெய்லரையும் நகர்த்திக்கொண்டிருக்கிறேன். அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த வாரமும் அதே.

எரிந்தது. வயிறு பற்றி எரிந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் மாத்தூர் வீட்டுக்குப் போனால் சோறு இறங்கவில்லை. என் மனைவி செல்வி தட்டைப் பார்த்தாள், என் மூஞ்சியைப் பார்த்தாள்.

"இன்னாயா, அந்தப் பொண்ணப் பத்தி நெனச்சிகினு கீறியா?"

"எந்தப் பொண்ணு?"

"பாபு பொண்டாட்டிதான். வழக்கமா பொண்டாட்டிக்குத்தான் சக்களத்தி வருவா. எங்கூட்ல புருஷனுக்கு வந்துகீறா."

சொல்லிவிட்டு அவள் தன் போனில் தோட்டத்துக்குப் போய்விட்டாள். அவள் ஆடுவது விவசாய கேம். விதை போட்டால் கத்திரிக்காய் நாலு நிமிஷத்தில் காய்த்துத் தொங்குகிறது. எங்கள் வீட்டு மொட்டை மாடித் தொட்டியில் மணலி ஆலைக் காற்றுக்கு ஒரு துளசி தழைக்க மாட்டேன் என்கிறது. விவசாய கேமைப் பற்றி என் அபிப்பிராயம், அது பொய் கேம். ஆனால் அதை ஆடுகிறவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள், அதுதான் எனக்கு ஆகவில்லை.

நானும் தனியாக ஆடுகிற கேம்களை முயற்சி செய்தேன். ஒரு பெரிய காடு, ஒரே ஒரு ஆள், ஒரு குதிரை. சோகமான சங்கீதம். ஊர் உலகமெல்லாம் அதைக் கொண்டாடுகிறார்களாம். எனக்கு அது பேஜாரு. அந்த ஆள் விசில் அடித்தால் எங்கே இருந்தாலும் குதிரை ஓடி வருகிறது. நான் லைனில் ஹாரன் அடித்தால்கூட பாபு ஜன்னலைத் திறப்பதில்லை. குதிரைக்காரன்மேலும் பொறாமைப்பட்டுவிட்டு அந்த கேமை அழித்தேன்.

பேய் கேம் ஆடினேன். பயமே வரவில்லை. மனசு வேறெங்கோ இருந்தால் பேய் என்ன செய்யும் பாவம்.

பேர் கொடுங்க அண்ணே

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஷீலா ரிவர்ஸ் எடுத்துச் சொருகின கதையோடு விட்டேன் அல்லவா? உண்மையில் அன்றைக்கு நான் போனதே அவளை அந்த லாரி கேமில் தோற்கடிக்கத்தான். எதில் தோற்றாலும் லாரியில் தோற்க மாட்டேன் என்று நினைத்துப் போய், லைன் போட்டு உட்கார்ந்தேன்.

டீ வந்தது. பாபு குளிக்கப் போனான். ஷீலா எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, அடுத்த ஞாயிறு பக்கத்து மண்டபத்துல போட்டி வச்சிருக்காங்க. குதிக்கிற கேமு. ரெண்டு ரெண்டு பேரா ஆடணும்."

"தெரியும்மா. நீயும் பாபுவும் ஆடப் போறீங்க. சோக்கா ஆடுங்க." என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"இல்லண்ணே. என்கூட நீங்க பேர் கொடுங்க."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அவர்கூட ஆட முடியலண்ணே" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "பின்னாடி பாக்கவே மாட்டேங்கார். யாரோ பாத்துக்குவாங்கன்னு நெனச்சி ஓடிடறார். ஒரு வருஷமா சொல்றேன். அது நீங்க பழக்கி வச்சது. எனக்கு ஜெயிக்கணும்ணே. எங்கப்பா இன்னிக்கு வரைக்கும் நான் போன நோண்டி வீணாப் போனவன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கார். அவர் கடைக்கு எதுத்தாப்புல கோப்பையக் கொண்டுபோய்க் காட்டணும்."

நியாயமாக நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'அவனிடம் கேட்டுக்கொள்ளம்மா' என்று சொல்லியிருக்க வேண்டும். பாபு குளியலறையில் பாடிக்கொண்டிருந்தான். நான் பேர் கொடுக்கிறேன் என்று உடனே சொல்லிவிட்டேன். அவனும் கொஞ்சம் எரியட்டுமே.

எரிந்தான். மறுநாள் லைனில் என்னிடம் பேசவில்லை. சாவியைத் தரவில்லை, தன் வண்டியைத் தானே நகர்த்திக்கொண்டான். கேம் ஆடவில்லை, சும்மா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் வண்டியிலிருந்து அவன் முழங்கை மட்டும் ஜன்னலில் தெரிந்தது. எனக்குச் சந்தோஷமோ சந்தோஷம். ரொம்ப நாளைக்கு அப்புறம் சோறு ருசித்தது.

அந்தச் சந்தோஷத்திலும் செல்வி மண் அள்ளிப் போட்டாள்.

"அவன் உன்ன நெனச்சா எரியறான்? தன் பொண்டாட்டி வேற ஒருத்தன்கூட சேந்து ஆடறாளேன்னு எரியறான்யா. உன்னப் பத்தி அவனுக்கு இன்னா?"

அதற்குப் பிறகு எனக்குக் கோப்பையெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. பாபு யாரை இழந்துவிட்டதாக நினைத்து அப்படிக் கடலைப் பார்க்கிறான்? அவளையா, என்னையா? அதை எவனிடம் போய்க் கேட்பது? நாற்பது வயது ஆள் வாய்விட்டுக் கேட்கிற கேள்வியா அது?

மண்டபம்

கல்யாண மண்டபம்தான். போன முகூர்த்தத்தின் வாழைமரம் வாசலில் இன்னும் வாடிக்கொண்டிருந்தது. மேடையில் இரண்டிரண்டு நாற்காலிகள், பின்னால் பெரிய திரை. யார் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் பார்க்கிற ஜனங்களுக்குத் திரையில் தெரியும். ஆடுகிறவர்களுக்குத் தெரியாது, திரைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும்.

நடத்துகிறவர் மைக்கில் திரும்பத் திரும்பச் சொன்னார். "பாக்கறவங்க யாரும் வாயத் தொறக்கக் கூடாது. எவனாவது சொல்லிக் குடுத்தா அந்த டீம் அவுட்டு."

வந்திருந்த எல்லாரும் காலேஜ் பிள்ளைகள். எங்களை யாரோ பெற்றோர் என்று நினைத்து, உட்கார பிளாஸ்டிக் சேர் போட்டார்கள். "ஷீலா, மோகன்" என்று எங்கள் பேரை மைக்கில் கூப்பிட்டதும் ஒரே விசில். பாபு மேடைக்குக் கீழே, எங்களுக்கு நேராக, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

ஷீலாவின் ஆட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பதற்றமே கிடையாது. அப்பா கடையில் மூட்டை எண்ணுகிற மாதிரி ஆட்களை எண்ணுகிறாள். முன்னால் பார்க்கிறாள், பின்னால் பார்க்கிறாள், நடுவில் எனக்கும் வழி சொல்கிறாள். இவளைப் போல் ஒரு பார்ட்னர் எனக்கு ஏன் முதலிலேயே கிடைக்கவில்லை என்று ஒரு நிமிஷம் பாபுமேல் பொறாமையாகிவிட்டது. என்ன ஜென்மமோ நான்.

முதல் ரவுண்டில் ஜெயித்தோம். இரண்டாவதில் ஒருவன் மரத்துக்குப் பின்னாலிருந்து சுட்டு ஷீலா விழுந்தாள். நான் எதேச்சையாகக் கீழே பார்த்தேன். பாபு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான், வாயைத் திறக்கவில்லை. ரூல் ரூல்தானே. நான் தனியாக இழுத்துப் பிடித்து, எப்படியோ கடைசி ரவுண்டுக்கு வந்துவிட்டோம்.

கடைசி ரவுண்டு. இடிந்த வீடுகள் உள்ள இடம். ஷீலா மாடியில், நான் கீழே. நாலாப் பக்கமும் சத்தம். கை வேர்த்து விரல் வழுக்கியது. ஜெயிக்க இன்னும் ஒரு ஜோடிதான் பாக்கி. எங்கிருந்தோ குண்டு வந்து என் பாதி உயிர் போய்விட்டது. எங்கிருந்து என்று தெரியவில்லை. நான் கத்தினேன்.

"பாபு! எங்க கீறான் பாரு!"

என்னையும் அறியாமல் வந்துவிட்டது. அடுத்த மூச்சில் கீழேயிருந்து குரல் வந்தது.

"செவுத்துக்கு அந்தாண்ட மாமு! குனி! குனிடா மாமு!"

குனிந்தேன். தலைக்கு மேலே குண்டு போனது. எழுந்து சுவருக்கு அந்தப் பக்கம் சுட்டேன், அவன் விழுந்தான். மண்டபம் அதிர்ந்தது. அந்தச் சத்தத்தையெல்லாம் தாண்டி மைக் சொன்னது: "ஷீலா, மோகன் டீம் அவுட்டு."

பாபு தானாகவே மேடையேறி வந்துவிட்டான். மூச்சு வாங்கியது. "சாரி மாமு. வாய் தானா வந்துட்ச்சு மாமு" என்றான். என் தோளில் கை வைத்தான். ஒரு வாரம் கழித்து அந்தக் கை. எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. உள்ளே தித்தித்தது, இல்லை என்று பொய் எழுத மாட்டேன்.

ஷீலா கையிலிருந்த போனை மெதுவாகக் கீழே இறக்கினாள். கோபமாகக் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"உங்ககூட பேர் குடுத்தது நான்ணே. ஆபத்துன்னதும் நீங்க கூப்ட்டது அவர."

அவள் பாபு பக்கம் திரும்பினாள்.

"போன ரவுண்டுல நான் விழுந்தப்ப நீங்க வாயத் தொறக்கவே இல்லையேங்க."

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள். அந்த முகத்தில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அது என்னிடம்தான் இருந்தது.

பாபு அவள் பின்னால் போவான் என்று பார்த்தேன். அவன் அவள் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அந்த செவுத்தாண்ட நீ மொதல்லயே ஒரு பார்வ பாத்துருக்கணும் மாமு" என்று ஆரம்பித்தான். "வலது பக்கமா போயிருந்தேன்னு வையி..." கையை வைத்து, காற்றில் சுவரும் ஜன்னலும் வரைந்து காட்டிக்கொண்டே போனான். எவ்வளவு நாள் ஆயிற்று அவன் என்னிடம் இப்படிப் பேசி. நான் ஆமாம் ஆமாம் என்றேன்.

அவன் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அங்கே ஷீலா செருப்பை மாட்டிக்கொண்டு, கிளம்பாமல், வாடின வாழைமரத்துப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவன் வருவான் என்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் அவனிடம் சொல்லவில்லை.